வலது காலின் பழைய அளவு

எங்கள் பழைய பிரிவுக்குப் புது மிஷின் வந்திருக்கும் செய்தியை ஷாலினிதான் போனில் சொன்னாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தவள்.

"பலகை மாதிரி இருக்கு சார். ஏறி நின்னு ஒத்தக் காலால குதிச்சாப் போதும். இடது எவ்வளவு, வலது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவுன்னு எல்லாம் திரையில வந்துடுது. ரெண்டும் கிட்டத்தட்ட சமமா இருந்தா பச்சை காட்டும்."

"நல்லது" என்றேன்.

"அப்புறம் ஒரு விஷயம் சார். நம்ம பாரத்துல வலது, இடதுக்குப் பக்கத்துல 'அடிபடும் முன்'னு மூணாவதா ஒரு கட்டம் இருக்குல்ல? அத யாரும் நிரப்பறதே இல்ல. மிஷின்ல அதுக்கு இடமும் இல்ல. புதுசா அச்சடிக்கிறப்ப எடுத்துடலாமான்னு கேக்கறாங்க. நீங்க போட்ட கட்டம்தானாமே, அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

எடுக்காதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டாள். நேரில் வந்து சொல்கிறேன் என்று ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போனேன். இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் என்னால் மேலே பேச முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, மீதியை எழுதித் தருகிறேன் என்று வந்துவிட்டேன். அது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. இதற்குள் நான்கு முறை எழுதிக் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது.

முப்பத்திரண்டு வருடம் அரசு மருத்துவமனைகளில் இயன்முறைச் சிகிச்சையாளனாக வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி பெரம்பலூரிலும் அரியலூரிலும். கீழே சொல்லப்போவது எந்த ஊர் ஆஸ்பத்திரியில் நடந்தது என்று எழுதப் போவதில்லை. இன்று அங்கே இருப்பவர்கள் என் தவறுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது. முதல் பத்து வருடம் நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்கம் பக்கத்து ஆட்கள். நசுங்கிய விரல்கள், இறுகிப்போன தோள்பட்டைகள். மீதிப் பேர் பக்கவாதக்காரர்கள். எங்கள் பிரிவுக்கு ஊரில் வழங்கிய பெயர் 'கரண்ட் வைக்கிற ரூம்'. வலிக்கு மின்தூண்டல் கொடுக்கும் பெட்டி ஒன்று இருந்தது. அதன் திண்டுகளை இடுப்பில் ஒட்டிக்கொண்டு அரைமணி நேரம் படுத்திருப்பதுதான் வைத்தியம் என்று ஜனங்கள் நம்பினார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தால் ஏமாற்றுகிறோம் என்று பார்த்தார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை அளந்தாலும் நீள நோட்டில் தேதி போட்டு எழுதிவிடுவேன். மூட்டு மடங்கும் கோணம், தொடையின் சுற்றளவு, தாண்டும் தூரம், எல்லாவற்றையும் வலது, இடது என்று இரண்டு கட்டம் போட்டு எழுதுவேன். ஓய்வு பெறும்போது நாற்பத்தொரு நோட்டு சேர்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பதிவேடு தனியாக உண்டு, இவை என் சொந்த நோட்டுகள். இவற்றின் மேல் எனக்கு இருந்த கர்வம் பெரிது. அதை இங்கே மறைத்தால் பின்னால் வருவது புரியாது.

எங்கள் பிரிவின் தலைவர் சகாயமேரி மேடம். வரதராஜன்பேட்டைக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் நோட்டு வைத்துக்கொண்டது இல்லை. நோயாளியை 'நடந்து காட்டுங்க' என்று சொல்லவும் மாட்டார். நடந்து காட்டச் சொன்னால் ஜனங்கள் போட்டோவுக்கு நிற்பதுபோல நடப்பார்கள் என்பார். "அந்த ஜன்னல சாத்திட்டு வாம்மா" என்று ஏதோ வேலை ஏவுவார். அந்தம்மா எழுந்து, ஜன்னலைச் சாத்தி, திரும்பி வருவதற்குள் அவருக்கு வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும். எங்கள் அறை ஜன்னல் ஒரு நாளில் நாற்பது தடவை திறந்து மூடும்.

ஒருமுறை இடுப்பு வலிக்காரர் ஒருவர் பெட்டியின் திண்டுகளோடு படுத்திருந்தபோது மின்சாரம் போய்விட்டது. அவருக்கு அது தெரியாது. அரைமணி கழித்து எழுந்து உட்கார்ந்து, "இன்னிக்கி கரண்ட் நல்லா ஏறிருக்கும்மா, பாதி வலி போயிடுச்சி" என்றார். நான் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டேன். மேடம் சிரிக்கவில்லை. "அப்படியாய்யா? அப்ப நாளையிலேருந்து பெட்டி வேணாம். படுத்துக் காலத் தூக்குங்க, பத்து தடவ" என்றார். அவர் இருபது நாளில் நடந்து வீட்டுக்குப் போனார். அன்றைய என் நோட்டில் காலைத் தூக்கிய கோணம் இருக்கிறது. மின்சாரம் போன விஷயம் அதில் இல்லை. அதற்கு அளவு கிடையாதே என்று விட்டுவிட்டேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் உறுத்துகிறது.

ரஞ்சனி எங்களிடம் வந்தது ஒரு ஆவணி மாதக் கடைசியில். ஆண்டிமடம் பக்கத்துப் பெண், பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்து ஹாக்கி ஆடியவள். வெளியூர் செயற்கைப் புல் மைதானத்தில், பந்தை வாங்கித் திரும்பும்போது இடது முழங்காலுக்குள் 'டக்' என்று கேட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் முக்கியத் தசைநார் அறுந்துவிட்டது. தொடையின் பின்புறத்திலிருந்து நார் எடுத்து அந்த இடத்தில் வைத்து அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். செய்த டாக்டரின் சீட்டில் இரண்டு வரி இருந்தது. ஒன்பது மாதம் ஆகாமல் விளையாடக் கூடாது. அதற்குப் பிறகும் இரு காலின் வலிமையையும் ஒப்பிட்டுப் பார்த்தே அனுமதிக்க வேண்டும்.

முதல் நாள் அவள் ஹாக்கி மட்டையைத் தலைகீழாகப் பிடித்து, வளைந்த பக்கத்தை உள்ளங்கையில் வைத்து ஊன்றிக்கொண்டு வந்தாள். மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"அது என்ன?"

"ஸ்டிக், மேடம்."

"கைத்தடி மாதிரி இருக்கே."

"அதுக்கும் ஆவுது."

"ஆவாது. வெளிய வச்சிட்டு வா. நான் கேக்கறப்ப எடுத்துட்டு வந்தாப் போதும்."

கூட வந்திருந்த அவள் அப்பா செல்வராசு மட்டையை வாங்கிக்கொண்டார். ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுபவர். அவர் என்னைப் பார்த்து, "டாக்டரய்யா, கரண்ட் எத்தினி நாளு வைப்பீங்க?" என்றார். நான் டாக்டர் இல்லை என்றேன். "சரிங்க டாக்டரய்யா" என்றார்.

வலி பத்துக்கு எவ்வளவு என்று ரஞ்சனியைக் கேட்டேன்.

"பாஸாக எவ்ளோ வேணும் சார்?"

இப்படித்தான் பேசுவாள். இரண்டாம் வாரத்திலேயே எனக்கு 'நோட்டு சார்' என்று பேர் வைத்துவிட்டாள். பவுடர் போட்ட பலகையில் குதிகாலை இழுத்து இழுத்து முழங்காலை மடக்குவது ஆரம்பப் பயிற்சி. பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குவாள், நான் கோணமானியை வைத்ததும், "எழுதுங்க, எழுதுங்க, ஓடிடப் போவுது" என்பாள். செல்வராசு சிமெண்ட் சாக்கை வெட்டித் தைத்து, மணல் அடைத்து, காலில் கட்டிக்கொள்ள ஒரு கிலோ, இரண்டு கிலோ பைகள் செய்து கொடுத்திருந்தார். ஒரு கிலோ என்று எழுதியிருந்த பையை நிறுத்துப் பார்த்தேன். ஆயிரத்து நூற்றிருபது கிராம். அதையும் எழுதினேன்.

அவளுக்கு என்ன அவசரம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜூனியர் மாநில அணிக்கான தேர்வு அடுத்த ஜூன் மாதம் நடக்கும். வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அதில் பெயர் வந்தால் மேலே போக வழி உண்டு. வராவிட்டால் சீனியர் ஆட்டக்காரர்கள் கூட்டத்தில் போய்ப் புதிதாக முட்ட வேண்டும். அறுவை சிகிச்சை செய்த நாளிலிருந்து எண்ணினால், ஒன்பது மாதம் முடிந்து இரண்டாம் வாரத்தில் தேர்வு. நோட்டின் முதல் பக்கத்திலேயே அவள் கைப்பட, 'இன்னும் 39 வாரம்' என்று எழுதிவைத்தாள். வாராவாரம் அதை அடித்து ஒன்றைக் குறைத்தாள்.

ஒத்தைக்கால் தாண்டலை எப்படி அளந்தேன் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். நடைக்கூடத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. கட்டைவிரல் கோட்டைத் தொட நின்று, அதே காலால் முன்னால் தாண்டி, அதே காலில் இறங்கி, இரண்டு நொடி ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் கணக்கில் இல்லை. கோட்டிலிருந்து குதிகால் வரை தூரம். காலுக்கு மூன்று தடவை, அதில் நல்லது எதுவோ அது. அடிபட்ட காலின் தூரம், நல்ல காலின் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருந்த வழக்கம்.

மே மாதக் கடைசி வாரத்துச் செவ்வாய்க்கிழமை அளந்தேன். வலது நூற்றிருபத்தொன்று சென்டிமீட்டர். இடது நூற்றுப் பதினாறு. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. தொடைச் சுற்றளவு வலது நாற்பத்தைந்தரை, இடது நாற்பத்தைந்து. என் அனுபவத்தில் இவ்வளவு சுத்தமான எண்களை நான் பார்த்ததில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

நோட்டை வாங்கி, பார்க்காமலே மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "ஸ்டிக்க எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

நடைக்கூடத்தின் ஒரு முனையில் ரஞ்சனி மட்டையோடு குனிந்து நின்றாள். மேடம் மறுமுனையிலிருந்து பந்தை உருட்டினார். முதலில் நேராக. பிறகு வலப்பக்கம். பிறகு அவளுக்கு இடப்பக்கம், எட்டாத தூரத்தில். ஹாக்கி மட்டையின் ஒரு பக்கம்தான் தட்டை. இடது ஓரத்துப் பந்தை எடுக்க மட்டையைப் புரட்டிப் பிடித்து, இடது காலை நீட்டி வைத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் அந்த முழங்காலில் இறக்கித் தாழ வேண்டும். ரஞ்சனி எடுத்தாள். பத்துப் பந்து உருட்டினார். பத்தையும் எடுத்தாள். எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

அவள் போன பிறகு மேடம் சொன்னார்: "மூணு எட்டு வைக்கிறா தனபால் சார்."

"என்ன மேடம்?"

"இடது பக்கம் போற பந்துக்கு. ஒரு எட்டுல போய் எடுக்க வேண்டியது. சின்னச் சின்னதா மூணு எட்டு வச்சிப் போறா. காலு இன்னும் அத நம்பல. ஒரு மாசம் போவட்டுமே."

"ஒரு மாசம் போனா தேர்வு போயிடும் மேடம். தொண்ணூத்தாறு வருது."

"எதோட ஒப்பிட்டு?"

"வலது காலோட."

"சரி, யோசிங்க" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் அலுவலகத்திலிருந்து ஓய்வூதியத் தாளில் கையெழுத்துக்கு அழைத்தார்கள், போய்விட்டார். அவர் சொன்னதை நான் நோட்டில் எழுதவில்லை. 'மூன்று எட்டு' என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஜூன் முதல் வாரம் நான் பொறுப்புத் தலைவர் ஆனேன். விடுதிப் பயிற்சியாளர் வந்து கேட்டார். 'விளையாடத் தகுதியுடையவர்' என்று ரஞ்சனிக்குக் கடிதம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பொறுப்பில் நான் இட்ட முதல் கையெழுத்து அது. செல்வராசு ஒரு பை முந்திரிக்கொட்டை கொண்டுவந்து, நான் வாங்க மறுத்ததும், வாசலில் உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்குப் பங்கு போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை என் நோட்டுகளை மேடத்தின் பழைய அலமாரிக்கு மாற்றினேன். தேதி வாரியாக அடுக்கும்போது முப்பத்தோராம் நோட்டு இடம் மாறிக் கிடந்தது. சரியான நோட்டுதானா என்று பிரித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் விளையாட்டு விடுதியில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு உடல்தகுதிப் பரிசோதனை நடந்தது, அதற்கு என்னை இரண்டு நாள் அனுப்பியிருந்தார்கள். உயரம், எடை மட்டும்தான் கேட்டிருந்தார்கள். நானாக ஆர்வப்பட்டு ஒத்தைக்கால் தாண்டலையும் தொடைச் சுற்றளவையும் சேர்த்து அளந்திருந்தேன். பதினேழாவது வரிசையில், என் கையெழுத்தில், 'செ. ரஞ்சனி, ஹாக்கி'.

வலது நூற்று நாற்பத்திரண்டு. இடது நூற்று முப்பத்தெட்டு.

முதலில் எழுத்துப் பிழை என்றே நினைத்தேன். தொடைச் சுற்றளவைப் பார்த்தேன். வலது நாற்பத்தெட்டு. இப்போது நாற்பத்தைந்தரை. பதினாறு வயதில் இருந்ததைவிடப் பதினெட்டு வயதில் கூடித்தானே இருக்க வேண்டும். ஒன்பது மாதம் அவள் ஓடவில்லை. இடது கால் மட்டும் இளைக்கவில்லை, வலதும் கூடவே இளைத்துவிட்டது. இளைத்த காலை நல்ல கால் என்று வைத்துக்கொண்டு, அடிபட்ட காலை அதோடு சமம் என்று காட்டி, நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். பழைய இடது காலோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு எண்பத்து நான்குதான். 'எதோட ஒப்பிட்டு' என்று மேடம் கேட்டது அப்போதுதான் காதில் விழுந்தது.

இதே தவறைப் பல நாடுகளில் பலர் செய்து, எழுதியும் வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆறுதலாக இல்லை. அவர்களிடம் பழைய அளவு இருந்திருக்காது. என்னிடம் இருந்தது, அதுவும் நான் எழுதியதே.

தேர்வு புதன்கிழமை. பயிற்சியாளருக்குப் போன் செய்து, கடிதத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன்.

"சார், வெளையாடறீங்களா? லிஸ்ட் அனுப்பியாச்சு. கொடுத்த கடுதாசியத் திருப்பிக் கேக்கறது, கல்யாணப் பத்திரிகையத் திருப்பிக் கேக்கற மாதிரி இருக்கு."

"அளவு தப்பு சார்."

"நேத்து கிரவுண்டுல நாலு கோல் போட்டா. அது தப்பான அளவா? புள்ள லீவுல ஊருக்குப் போயிருக்கு. நீங்களே வூட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி ஆண்டிமடம் போனேன். பையில் முப்பத்தோராம் நோட்டும் அளவு நாடாவும். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் எழுந்து எழுந்து நின்றேன். கண்டக்டர் இரண்டு தடவை "உக்காருங்க சார்" என்றார். ஒருவேளை அந்தப் பழைய அளவுதான் தவறோ? அன்று அவசரத்தில் நாடாவை மண்ணில் வளைத்துப் பிடித்திருப்பேனோ? முடிந்தால் என் அளவு தப்பாக இருக்கட்டும் என்று வேலை பார்த்த காலத்தில் வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

வீட்டு வாசலில் கடைசி முந்திரிக்கொட்டையைக் காயவைத்திருந்தார்கள். ரஞ்சனி மட்டைக்குப் புது நாடா சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நோட்டு சார்! வாழ்த்து சொல்ல இவ்ளோ தூரமா?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, எதிலும் எழுதியும் வைக்கவில்லை. செல்வராசு சட்டை போடாமல் உள்ளேயிருந்து வந்தார்.

"ஏங்க, நீங்கதான பாஸு போட்டீங்க? இப்ப நீங்களே ஃபெயிலு போடறீங்க?"

"நான் போட்டது தப்புங்க."

"தப்ப எங்க தலையில எறக்குறீங்க. ஒம்போது மாசமா லோடு அடிச்சிட்டு வந்து எம்பொண்ணு காலுக்கு மண்ணு மூட்ட கட்டிருக்கேன். அந்த நோட்டுல ஒரு நம்பரு, இந்த நோட்டுல ஒரு நம்பரு. எது நெசம்?"

ரஞ்சனி நோட்டை வாங்கித் தன் பெயரைத் தேடினாள். விரலை வைத்து வாசித்தாள்.

"அன்னிக்கி நான் வெறுங்காலோட தாண்டுனேன் சார். என் ஃப்ரெண்டு பவித்ராவோட பந்தயம். நீங்க திட்டுனீங்க."

"அப்படியா?"

"இன்னொரு வாட்டி தாண்ட விடுங்கன்னு கேட்டேன். மூணுதான்னு சொல்லிட்டீங்க. விட்டிருந்தா நூத்தி நாப்பத்தஞ்சு போயிருப்பேன்." பிறகு நோட்டை மூடினாள். "நாடா இருக்கா?"

முந்திரிக்கொட்டையை ஒரு பக்கமாகத் தள்ளினாள். மட்டை முனையால் தரையில் கோடு கிழித்தாள். நான் நூற்று நாற்பத்திரண்டை அளந்து, அந்த இடத்தில் மட்டையைக் குறுக்கே வைத்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலில், நல்ல காலில், நின்றாள்.

முதல் தாண்டல் மட்டைக்கு ஒரு சாண் முன்னாலேயே இறங்கியது. இரண்டாவதும் அங்கேதான். "தர சரியில்ல, கொட்ட கெடக்கு" என்று செல்வராசு குனிந்து தரையைக் கையால் தள்ளிவிட்டார். மூன்றாவது இரண்டு விரற்கடை கூடியது, ஆனால் கால் ஆடிவிட்டது. "நாலாவதும் போடட்டுமா சார்?" என்றாள். போடு என்றேன். அதுவும் எட்டவில்லை.

மட்டையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"இது நல்ல காலுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "அப்ப ஒண்ணு நொண்டி. இன்னொண்ணு பொய்யி."

செல்வராசு என்னைப் பார்க்காமல், "போனா என்ன ஆவுங்க?" என்றார்.

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம். மறுபடி அறுந்தும் போகலாம். இடதோ வலதோ. எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுன்னு சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"ஆமாங்க."

ரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கோச்சுக்கிட்ட என்ன சொல்றது? நொண்டின்னா?" என்றாள். நான் தவறாகக் கையெழுத்திட்டேன் என்று நானே எழுதித் தருகிறேன் என்றேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் என் நோட்டிலிருந்து கிழித்த ஒரே தாள். மறு அளவீட்டில் வலிமை போதாது என்று தெரியவந்ததால் முன்பு கொடுத்த தகுதிக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், முன் அளவோடு ஒப்பிடாதது என் பிழை என்று எழுதினேன். தேதி போட்டேன். அவள் வாங்கி இரண்டு தடவை படித்தாள். புதன்கிழமை அவள் போகவில்லை.

எனக்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது, பதில் எழுதினேன், அதோடு முடிந்தது. ஆண்டிமடத்திலிருந்து திரும்பிய மறுநாள் மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணு எட்டு பாத்தேன்ல, நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கணும்" என்றார். "வாயால சொல்லியே பழகிட்டேன் தனபால் சார். எழுதறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களேன்னு இருந்துட்டேன்."

அந்த வாரமே பாரத்தில் மூன்றாவது கட்டம் போட்டேன். கீழே கோடு மட்டும் போட்டு, 'பார்த்தது' என்று ஓர் இடமும் விட்டேன். ஷாலினி அதைப் பற்றிக் கேட்கவில்லை. அது ஏற்கெனவே எந்தப் பாரத்திலும் இல்லாமல் போய்விட்டதோ என்னவோ.

ரஞ்சனி ஒரு வாரம் வரவில்லை. எட்டாம் நாள் வந்தாள். "ரெண்டு காலுக்கும் சேத்து எழுதுங்க" என்றாள். மேடம் கண்ட மூன்று எட்டை அன்றுதான் அவளிடம் சொன்னேன். இன்னும் நான்கு மாதம் ஆயிற்று. செல்வராசு வலது காலுக்கும் பை தைத்தார். ஐப்பசி மாதம் அளந்தபோது வலது நூற்று நாற்பத்து நான்கு, இடது நூற்று முப்பத்தொன்பது. அதற்குள் தேர்வான அணி ஆடி முடித்துத் திரும்பியிருந்தது. அந்தப் பட்டியலில் அவள் பெயர் என்றைக்கும் வரப்போவதில்லை. அவள் கல்லூரியில் சேர்ந்து அங்கே ஆடினாள்.

நான் தடுத்தது சரியா? போயிருந்தால் ஒன்றும் ஆகாமல், பெயர் வந்திருந்தால்? இதற்குத்தான் பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்றேன். எதிரே உட்கார்ந்திருந்த இளைஞர்கள், 'சரியான முடிவு சார்' என்று சொல்லக் காத்திருந்தார்கள். அவர்கள் அதைச் சொல்லிவிடக் கூடாது என்று இருந்தது. போகாத தேர்வுக்கு அளவு இல்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் முப்பத்தோராம் நோட்டை எடுத்துப் பதினேழாவது வரிசையைப் பார்க்கிறேன். பார்த்து என்ன செய்கிறேன் என்று என் மனைவி கேட்கிறாள்.

போன மாதம் அரியலூரில் ஒரு கிளப் ஆட்டம். ரஞ்சனி ஆடுகிறாள் என்று செல்வராசு போன் செய்தார். "சும்மா வாங்க டாக்டரய்யா, நோட்டு எடுத்தாராதீங்க." எடுத்துக்கொண்டுதான் போனேன். கிராவல் தரை, நல்ல வெயில். ஒரு மணி நேரமும் நான் பந்தைப் பார்க்கவில்லை, யார் ஜெயித்தார்கள் என்று பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இடது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் பந்து ஒன்று விலகி ஓடியது. மட்டையைப் புரட்டி, ஒரே எட்டில், தரையோடு தரையாகப் போய் எடுத்தாள். நோட்டில் எழுதினேன். இன்னும் மூன்று தடவை அப்படி. அவற்றையும் எழுதினேன்.

ஆட்டம் முடிந்து புழுதியும் வியர்வையுமாக வந்தாள். அப்பா கொடுத்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"எத்தன எட்டு சார்?"

"ஒண்ணு. நாலு தடவையும் ஒண்ணு."

"ரெண்டாவது பாதி ஆரம்பத்துல, அந்தக் கொடிப்பக்கம் ஒரு பந்து போச்சே?"

"ஆமா?"

"அதுக்கு ரெண்டு வச்சேன்" என்றாள். "எழுதுங்க."